உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்

"அதுல உக்காராதப்பா" என்றார் கலியமூர்த்தி.

எழிலரசன் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டான். இந்தத் தோல் சோபாவைச் சரி செய்ய மூன்று நாளாக அவனும் மனைவி கலைமகளும் தவளக்குப்பத்திலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு வண்டியில் வந்து போகிறார்கள். வேலை முடிந்த மாதிரிதான். உட்கார்ந்து பார்த்துக் கடைசிப் பூச்சு கொடுக்க வேண்டியது மட்டும் பாக்கி.

"உக்காந்து பாத்தாத்தான் முசே தெரியும்."

"தெரிஞ்ச வரைக்கும் போதும். அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காரு, காபி வரும்."

கலியமூர்த்தி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் முசேதான்; பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அவர் ஊர் திரும்பியபோது கூடவே கப்பலில் வந்த சோபா அது. பன்னிரண்டு வருஷத்து உப்புக் காற்றில் தோல் வெடித்து, கைப்பிடி கிழிந்து, நடுவில் உட்கார்ந்தால் தரை தட்டும் நிலைக்கு வந்துவிட்டது. தோலை உரித்துப் போட்டுவிட்டு ரெக்சின் போடுங்கள் என்று இரண்டு கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இதே தோலை மீட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவன் எழிலரசன் மட்டும்தான்.

சொன்னபடி செய்தான். இருக்கைக்கு அடியில் தொய்ந்த பெல்ட்டை எல்லாம் மாற்றி, புது ஃபோம் வைத்தான். கலைமகள் கிழிசலுக்கு அடியில் ஒட்டுத்தோல் கொடுத்து, பழைய தையல் ஓட்டைகள் வழியாகவே வளைந்த ஊசியை விட்டுத் தைத்தாள். வெடிப்புகளை அடைத்துத் தேய்த்து, நாலு கிண்ணத்தில் சாயம் கலந்து கலந்து பார்த்து, அந்தக் காபிக்கொட்டை நிறத்தைக் கொண்டுவந்துவிட்டாள்.

கிழிசல் எங்கே இருந்தது என்று முசே கண்ணாடி போட்டுத் தேடியும் தெரியவில்லை. "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்பா" என்று எழிலரசனிடம் சொன்னார். எழிலரசனும் சிரித்துக்கொண்டான்.

அப்படிச் சொன்ன மனுஷர்தான் இப்போது உட்காராதே என்கிறார்.

எழிலரசனுக்கு இது புதிதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், சரி செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். வீட்டுக்காரம்மா உள்ளே போனார். டெட்டால் கலந்த தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, நாற்காலியை அவனையே துடைத்துவிட்டுப் போகச் சொன்னார். துடைத்துவிட்டுத்தான் வந்தான். அன்றைக்கு வைராக்கியம் வந்தது. இனி உட்கார்ந்து பார்க்காமல் எந்த வேலையையும் ஒப்படைப்பதில்லை. இதனால் நாலைந்து வீட்டு வேலை கையை விட்டுப் போயிருக்கிறது. போகட்டும் என்று விட்டிருக்கிறான்.

ஆள் உட்கார்ந்து எழுந்தால்தான் தையல் விடுகிறதா, அடைத்த வெடிப்பு திரும்ப வாய் திறக்கிறதா என்று தெரியும்; அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பூச்சு கொடுக்க முடியும் என்று முசேவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

முசே யோசித்தார். உள்ளே போய் ஒரு பழைய போர்வையை எடுத்துவந்து, இதை விரித்து உட்கார் என்றார். போர்வை போட்டால் தையல் தெரியாது என்றான் எழிலரசன்.

"அப்ப ஒண்ணு செய். சமையக்கட்டுல அரிசி மூட்ட இருக்கு. அத தூக்கியாந்து வெச்சுப் பாரு. உன் பாரம் இருக்கும்."

எழிலரசன் நகரவில்லை.

"மூட்ட உக்காரலாம், செஞ்சவன் உக்காரக் கூடாதா முசே?"

கலைமகள் கீழே தரையில் இருந்தபடியே, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குரலையும் உயர்த்தவில்லை. சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், கடைசிப் பூச்சை வேறு யாரையாவது வைத்துக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றான். உட்காராமல் ஒப்படைக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்றான்.

முசே போர்வையை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"பட்டாளத்துல சேந்து அங்க போன புதுசுல" என்றார் மெதுவாக, "பஸ்ல நான் போயி உக்காந்தா பக்கத்துல இருக்கிறவன் எழுந்து போயிடுவான். ஒரு வருஷம் நின்னுக்கினே போனேன். எப்படி மறந்தேன்னு தெரியலப்பா. உக்காரு."

எழிலரசன் உட்கார்ந்தான். சாய்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். ஒரு தையல் விடவில்லை, ஒரு வெடிப்பு வாய் திறக்கவில்லை. இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்த டெட்டால் வாசனை அன்றைக்குத்தான் போனது போல இருந்தது அவனுக்கு.

முசேவும் வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தோலைத் தடவிக் கொடுத்தார். அப்போதுதான் அவர் கண்ணில் கலைமகள் பட்டாள். அவள் தரையில் உட்கார்ந்து சாயக் கிண்ணங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா மூணு நாளா முட்டி போட்டே வேல செஞ்சிருக்காங்க. நீயும் வந்து உக்காரும்மா, இன்னும் எடம் இருக்கு."

கலைமகள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

எழிலரசன் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னான்: "அவ எதுக்கு முசே? பொம்பளதான, கீழயே உக்காந்துப்பா."