காந்தம் ஒட்டாத கதவு

சற்குணம் காரை எந்தப் பட்டறைக்கும் அனுப்புவதில்லை. துருவை அறுத்தெடுப்பது, தகடு வைத்து வெல்டிங் அடிப்பது எல்லாம் வீட்டு வாசலில்தான். அன்று ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தைக் கழற்றி மனைவி லீலாவதியிடம் கொடுத்தான்.

"வலது பக்கம் முழுக்க வெச்சுப் பாரு. இரும்புன்னா பிடிச்சுக்கும். ஓட்டையில பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருந்தா விழுந்துடும். அங்க சாக்பீஸால கோடு போடு."

ஒரே இடத்தில்தான் விழுந்தது. அங்கே அறுத்துவிட்டு, முகமூடியை இறக்கி அவன் வெல்டிங் அடிக்கத் தொடங்கினான். அவள் சும்மா நிற்காமல் இடது பக்கம் போனாள். முன்கதவில் வைத்த மாம்பழம் விழுந்தது. தள்ளி வைத்தாள். அங்கும் விழுந்தது.

"என்னங்க, நான் உக்கார்ற பக்கத்துக் கதவு பூராவும் பட்டியா இருக்கு."

தீப்பொறி நின்றது. "எனக்கு முன்னாடி வெச்சிருந்தவன் எங்கியாவது இடிச்சிருப்பான்."

ஷோரூமிலிருந்து தானே ஓட்டி வந்த புதுக் கார் என்று, பெண் பார்க்க வந்தபோது சொன்னவனும் அவன்தான்.

அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் போனவள் என்று சொல்லியிருந்தார்கள். படத்தில் மட்டும் பார்த்த அவளை லீலாவதி அக்கா என்பாள்.

"அக்காவும் இந்தப் பக்கந்தான் உக்காருவாங்களா?"

"இப்ப எதுக்கு அவ பேச்சு? ஏறு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம்."

சுற்றி வந்து முன்கதவைத் திறந்து பிடித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவன் கதவு திறந்துவிட்டதே இல்லை.

லீலாவதி காந்தத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவன் முன்கதவைச் சாத்தவேயில்லை.