விடுபட்ட இருவர்

ஆய்வுக் கட்டுரைகளைச் சரிபார்த்துச் சரிபார்த்து மருத்துவர் பூங்குழலிக்கு அலுத்துப்போயிருந்தது. அவள் ஒன்றை நிராகரித்தால், வீடுகளில் மருந்து ஊற்றித் தரும் இயந்திரங்கள் எல்லாம் அதிலுள்ள மருந்தை அப்போதே நிறுத்திவிடும்.

இம்முறை வந்தது மூட்டுவலிக் கஷாயம் பற்றிய கட்டுரை. "என் கணவரே இதைக் குடிக்கிறார், வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று அனுப்பியவர்களுக்கு எழுதினாள். குடிக்காத வீடே இல்லை என்று பதில் வந்தது.

ஆய்வுக்காகக் கஷாயம் குடித்தவர்களில் இரண்டு பேரைப் பற்றி முடிவுகளில் ஒரு வரிகூட இல்லை. அவள் நிராகரித்தாள்.

மறுநாள் காலை இயந்திரம் வெறும் தம்ளரை நீட்டியது.

"நீயா நிறுத்தின? எனக்கு வலி கொறஞ்சிருந்துச்சே," என்றார் கணவர் சேந்தன்.

"ரெண்டு பேருக்கு என்ன ஆச்சுன்னே அவங்க எழுதலங்க."

அவர் சுவரைப் பிடித்து நடந்துவந்து அவளருகே உட்கார்ந்தார்.

"சரி, மொதல்ல அந்த ரெண்டு பேரையும் தேடச் சொல்லு."