நனைந்த சாக்கு

"பூட்டு பூட்டுன மாதிரியேதான் இருக்கு மச்சான். ஆனா உள்ள சாக்கு பூராம் நனைஞ்சிருக்கு. இன்னிக்கும் எவனோ வந்துட்டுப் போயிருக்கான்."

ஆரிபா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சவூதிக்குப் போன நாளிலிருந்து அவள் கணவன் ஆசாத் வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாயும் நேரத்தில் போன் செய்துவிடுவான். மற்ற நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த பயத்தை அவள் அவனிடம்தான் கொட்டியாக வேண்டும்.

பேகம்பூர் வீட்டின் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் வைக்கோல் அடைத்த பிளாஸ்டிக் பைகள் உறிபோல வரிசையாகத் தொங்கின. பையின் ஓட்டைகளில் சிப்பிக் காளான் பூத்துக்கொண்டிருந்தது. ஆசாத் போய் நான்கு மாதம் ஆகியும் கம்பெனியில் சம்பளம் போடவில்லையாம். நர்சரிப் பள்ளியில் வரும் சொற்பச் சம்பளம் போதாமல், அவளுக்கும் மூன்று வயது மகளுக்கும் சோறு போடுவது இந்தக் காளான்தான்.

அதைப்போல வீம்பு பிடித்த பயிர் உலகத்தில் கிடையாது. சூடு கொஞ்சம் ஏறினாலும் மொட்டு கருகிப்போகும். சூட்டுக்குப் பயந்து ஜன்னலை அடைத்தாலோ, காற்றில்லாமல் காம்பு மட்டும் கொக்குக் கழுத்தாக நீளும், குடை விரியாது. அதனால் சுவரைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, புழுக்கத்தை வெளியே தள்ள ஒரு ஃபேனும் போட்டிருந்தாள். பங்குனி வெயிலில் காலையில் நனைத்த சாக்கு உச்சிப் பொழுதுக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் அவள் நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பாள். மகளும் அங்கேதான் இருப்பாள்.

இரண்டு வாரமாகத்தான் இந்த அதிசயம். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. தரையில் போட்ட மணலிலும் ஈரம். காளான் ஒன்றுகூடக் குறையவில்லை. திருடிக்கொண்டு போயிருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

முதலில் பக்கத்து வீட்டு மஹ்ஜபீன் செய்த உபகாரம் என்றுதான் நினைத்தாள். மஹ்ஜபீனோ தான் இல்லையென்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பூட்டைத் திறக்காமல் உள்ளே வந்து போவது ஜின்னைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்று சொல்லி, சாம்பிராணிப் புகை போடச் சொன்னாள். புகை போட்டால் ஜின் போகிறதோ இல்லையோ, காளான் போய்விடும்.

இதைக் கேட்டு ஆசாத் சிரித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றான். காலையில் தான் நனைத்ததையே மறந்திருப்பாள் என்று கேலியும் செய்தான்.

"சிரிக்காதீங்க மச்சான். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு. ராத்திரி அம்மிக்கல்ல அண்டக் குடுத்துட்டுப் படுக்குறேன். அப்பயும் கண்ண மூட முடியல."

"எதையும் எடுக்காம தண்ணி தெளிச்சிட்டுப் போறவன் உன்னைய என்ன பண்ணிரப் போறான்?"

"இன்னிக்குத் தண்ணி தெளிக்கிறான். நாளைக்கு?"

ஆரிபா தன் முடிவைச் சொன்னாள். அண்ணன் அப்துல் சுக்கூரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். தோல் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் நாலு பேரோடு அவர் நாளைக்கு விடிந்ததும் வந்துவிடுவார். கொட்டகைக்குள் உருட்டுக்கட்டையோடு ஒளிந்திருப்பார்கள். வருகிறவன் கை காலோடு திரும்பிப் போகமாட்டான். அதற்குப் பிறகு பூட்டையும் மாற்றிவிடுவார்கள்.



"மச்சான்? கேக்குதா?"

"கேக்குது." ஆசாத் அவசரமாகச் சொன்னான். "உங்கண்ணனுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அடிதடி எதுக்கு? ஆளு கீளு செத்துப்போனா யாரு பதில் சொல்றது?"

கடல் தாண்டி இருக்கிறவருக்கு இங்கே ஒற்றையாகக் கிடந்து நடுங்குகிறவளின் வேதனை எப்படிப் புரியும் என்று ஆரிபாவுக்கு அழுகை வந்தது. எவனோ ஒரு களவாணிக்குப் பரிந்து பேசுகிறாரே என்று ஆத்திரமும் வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று மூச்சை இழுத்தாள்.

அந்த நொடியில் பட்டென்று எல்லாம் இருண்டுவிட்டது. கொல்லையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சத்தம் மெல்ல இறங்கி அடங்கியது. மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கொட்டகைப் பக்கம் ஏதோ உரசுவதுபோல இருந்தது. பயத்தில் ஆரிபாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"ஆரிபா, பயப்படாத," என்றான் ஆசாத். "பிள்ளையத் தூக்கிக்க. வெளக்க ஏத்திக்கிட்டுப் போயி மொதல்ல கொட்டகை ஜன்னலத் தொற. ஃபேன் நின்னுபோச்சுல்ல, புழுக்கத்துல காளான் அம்புட்டும் வெந்துரும். ஓடு."

அவன் குரலே தைரியம் கொடுத்தது. போனை வைத்துவிட்டு, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிம்னி விளக்கோடு கொல்லைக்கு ஓடினாள். அங்கே உரசியது காற்றில் ஆடிய கீற்றுதான். ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பேகம்பூர் முழுக்க இருட்டாகக் கிடந்தது.

ஜன்னல் கதவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் போனதை அவள் மச்சானிடம் சொல்லவே இல்லை. கொல்லை ஃபேன் சத்தம் போன்வரை கேட்காது; பூட்டின் இன்னொரு சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

ஆரிபா திரும்பி வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். நாளைக்கு யாரும் வர வேண்டாம், பூட்டையும் மாற்ற வேண்டாம் என்றாள்.