இன்னும் முடிவு செய்யவில்லை

“ஏம்மா, நீ போன் பண்ணித்தான் கேக்கறியா, இல்ல நாற்காலியில சாஞ்சுக்கிட்டு நீயே டிக் அடிச்சுடறியா?”

கருத்துக்கணிப்புக் கம்பெனியின் மேலாளர், போனில் கேள்வி கேட்கும் பெண்ணின் மேஜைமேல் தாள்களைப் போட்டார். எதைப் பேசினாலும் நூற்றுக்கு இத்தனை என்றே பேசுவதால் அலுவலகத்தில் அவருக்குச் ‘சதவீதம்’ என்று பெயர். இன்று அந்தச் சதவீதமே அவர் மானத்தை வாங்கியிருந்தது.

“கணிப்பு நடத்தச் சொன்ன டி.வி.காரர் போன்லயே சிரிக்கிறார். யாருக்கு ஓட்டுன்னு கேட்டா, எழுபது தாண்டினவங்கள்ல நூத்துக்கு நாப்பத்தோரு பேர் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’யாம்! மத்த கம்பெனிக் கணிப்புல எல்லாம் அஞ்சு, ஆறுதான். அந்த வயசுல யாரும்மா யோசிச்சு ஓட்டுப் போடறாங்க? விரல் தானாப் போய்க் குத்தும்.”

எழுபதைத் தாண்டியவர்களின் பட்டியல் முழுக்க அவள் பொறுப்பு.

“எல்லார்கிட்டயும் பேசினேன் சார்.”

“அதையும் பார்த்தேன். இருபது வயசுப் பசங்க ஒண்ணரை நிமிஷத்துல சொல்லிட்டு வச்சுடறாங்க. உன் ஆளுங்களுக்கு மட்டும் இருபது நிமிஷம். என்ன, கல்யாணப் பேச்சா நடக்குது?”

“பதிவு இருக்கு சார். நீங்களே கேளுங்க.”

கேட்டார். பொய் பிடிபட்டால் இன்றோடு அவள் சீட்டைக் கிழிப்பது என்று காலையிலேயே தீர்மானித்திருந்தார்.

முதலில் வயதான ஒரு பெண்குரல்.

“முடிவு பண்ணிட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவே?”

“பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவோம்மா. அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

“பண்ணலைன்னா?”

“அடுத்த வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டுக் கேட்போம்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“அப்ப இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்னு போட்டுக்கோ. எப்ப வேணா கூப்பிடு, வீட்டுலதான் இருப்பேன். நான் எங்கே போகப்போறேன்? ஆமா, போன வாரம் உனக்குத் தொண்டை கட்டியிருந்ததே, சரியாப் போச்சா?”

அடுத்து ஓர் ஆண்குரல்; அவராகவே அழைத்திருந்தார்.

“போன வாரம் அவசரப்பட்டு ஒரு கட்சி பேரைச் சொல்லிட்டேன் பாரு, அதை அடிச்சுடும்மா. எனக்கு ஒரே குழப்பமா இருக்கு. குறைஞ்சது இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

மூன்றாமவரும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். நடுவில் அவளுக்கு ஒரு விடுகதையும் போட்டார்.

மேலாளர் பதிவை நிறுத்தினார்.

“மத்த கம்பெனிக்காரங்க ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடறாங்க சார். முடிவு பண்ணாதவங்களை வாராவாரம் கூப்பிடறது நாம மட்டும்தான். வித்தியாசம் அவ்வளவுதான்” என்றாள்.

“ஆக, தெரிஞ்சே தப்பா எழுதியிருக்கே.”

“அவங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்.”

“பேச்சுத்துணை வேணும்னா பெத்த பிள்ளைங்க எதுக்கு இருக்காங்க? நாம நடத்தறது கருத்துக்கணிப்பு. நாளையிலேர்ந்து திரும்பக் கூப்பிடற வேலையே கிடையாது. நீயும் வர வேண்டாம்.”

அவள் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி வைத்தாள். பிறகு பட்டியலைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்து அவரிடம் நீட்டினாள்.

“சரி சார். இவர் ஒருத்தருக்கு மட்டும், இனிமே கூப்பிட மாட்டோம்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது.”

அந்த எண் அவருக்கு மனப்பாடம். அழைத்துத்தான் மாதக்கணக்காகியிருந்தது.

“எங்கப்பாவா? ஓட்டுப் போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவருக்கு ஒரே சின்னமாச்சே! அவர் என்னத்தை யோசிக்கிறாராம்?”

“தெரியாது சார். கட்சியைப் பத்திக் கேக்கவே விட மாட்டார். போனை எடுத்ததும், ‘உங்க மேனேஜர் மத்தியானம் சாப்பிட்டாராம்மா?’ன்னுதான் கேட்பார்.”