நின்றுபோன கல்யாண ஓலை

"ஏட்டி ஷிபா, ஒனக்குப் பாத்த மாப்பிள கிறிஸ்தவனே இல்ல!" வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார் சிலுவைதாசன். "அமெரிக்காவுலருந்து வந்த மோர்மன் சபை சங்கதி இருக்காம். ஞாயிறு பூசையில இன்னாருக்கு இன்னாருன்னு கல்யாண ஓலை வாசிக்க முடியாதுன்னு பங்குச் சாமியாரு சொல்லியாச்சு!"

"அவங்களும் ஏசுவத்தானப்பா கும்பிடுறாங்க?" என்றாள் மகள்.

"கும்பிட்டா ஆச்சா? அவங்க கிறிஸ்தவங்களே இல்ல. அவன் நம்ம கோயில்ல ஞானஸ்நானம் வாங்கட்டும், பொறவு பாப்போம்."

விஷயம் கேட்டு ஓடிவந்த மாப்பிள்ளை பெனிட்டோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எனக்கு நாப்பதாம் நாளே குளச்சல் கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தாச்சே மாமா!"

சிலுவைதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப சாமியாரு யாரச் சொன்னாரு?"

பெனிட்டோ ஷிபாவைப் பார்த்தான்.

"பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தப்ப அந்த மோர்மன் சபையில சேந்தது நான்தாம்ப்பா" என்றாள் அவள். "இப்பச் சொல்லுங்க, நான் கிறிஸ்தவப் பொண்ணு இல்லியா?"