நாற்பதில் ஒருத்தி

கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் எறிந்தார் மூத்த வக்கீல். எதிரே நின்ற மகள் அசையவில்லை.

"கிழிச்சா ஆச்சா? எங்கிட்ட நகல் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடப்போறேன். இல்லேன்னா சீட் போயிடும்."

"போய்த் தொலையட்டும்! சட்ட மேற்படிப்பாம்! மழைக்கு ஒதுங்கினவனைக்கூட உள்ளே இழுத்துச் சீட் கொடுக்கிறான் அங்க." பெரிய சட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த கவரை மேஜைமேல் ஓங்கி அடித்தார். "இதைப் பாரு. எட்டாயிரம் பேர் பரீட்சை எழுதினதுல நாப்பதே பேரை எடுத்திருக்கான். அதுல நீ ஒருத்தி!"

கோர்ட்டில் சாட்சிகளை வறுத்தெடுக்கும் அதே குரல். வெளியே காத்திருந்த கட்சிக்காரர்கள் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மகள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டு விலாசம் இருந்தது. தபால்தலை இல்லை.

"நான் படிக்க நினைக்கிறது தொழிலாளர் சட்டம். அதுல பேர்போன வாத்தியாரம்மா அந்தச் சின்னக் காலேஜ்லதான் இருக்காங்க."

"வாத்தியாரை யாருடி கேட்டா? எந்தக் காலேஜ்னுதான் ஊரு கேக்கும். நான் என்ன பதில் சொல்றது? என் மானத்தை வாங்கறதுக்குன்னே பொறந்திருக்கே."

"உங்க மானத்துக்காக நான் ஏன் ரெண்டு வருஷம் படிக்கணும்?"

"வாயை மூடு! ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம, கட்சிக்காரங்களை எல்லாம் காக்க வெச்சிட்டு, பரீட்சைக்கு உன்னை கேட் வரைக்கும் கார்ல கொண்டுபோய் இறக்கிவிட்டேனே, அந்த நன்றியாவது இருக்கா?"

அவள் கவரைப் பிரித்து உள்ளிருந்த கடிதத்தைப் படித்தாள். அதுவரை இருந்த கோபம் போய் அவளுக்கு அருவருப்பு வந்தது.

"அங்க யார் சிபாரிசும் செல்லாதாப்பா?"

"மூச்! மந்திரி மகனையே திருப்பி அனுப்பின இடம். நீ என் பொண்ணுன்னுகூட அங்க எவனுக்கும் தெரியாது. உன் விடைத்தாளைத் திருத்தி, உன் மூளைக்குக் கொடுத்த சீட்டு இது. அதைப் போய் வேண்டாங்கறே!"

மகள் கடிதத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"நான் அந்தப் பரீட்சையே எழுதலைப்பா."