பூட்டிய வீட்டு நாய்

“இவங்கல்லாம் மனுசங்களா? வீட்டைப் பூட்டிக்கினு போகத் தெரியுது, நாய்க்கு ஒரு வழி பண்ணிட்டுப் போகத் தெரியல!”

தனலட்சுமி போட்ட சத்தம் திருப்பருத்திக்குன்றத்துத் தெரு முழுக்கக் கேட்டது.

பக்கத்து வீட்டு அப்பாண்டை, மனைவி பத்மாவதியையும் மகள் இந்திராவையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கே என்று தெருப் பெண்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் வளர்த்த செவலை நாய், பூட்டிய கதவைப் பிராண்டிப் பிராண்டி ஓய்ந்துபோய் வாசற்படியிலேயே சுருண்டு கிடந்தது.

“நாமளும் சமணருங்கதான். எறும்பை மிதிச்சாலே பாவம்னு வளர்ந்தவங்க. அந்தப் பத்மாவும் அதே கோயிலுக்குத்தானே வர்றா? எப்படிங்க மனசு வந்துச்சு அவளுக்கு?”

கணவன் நேமிநாதன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “ஏதோ அவசரமா இருக்கும்” என்றார்.

“என்ன பொல்லாத அவசரம்!”

பத்மாவதிக்கும் தனலட்சுமிக்கும் பேச்சு நின்று ஆறு மாசம். பொதுக் கிணற்றில் யார் முதலில் வாளியை இறக்குவது என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு பேருடைய அம்மா வீடு வரைக்கும் போய்த்தான் நின்றது.

அன்று சாயங்காலம், பொழுது இறங்குவதற்குள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டானதும், தனலட்சுமி ஒரு தட்டில் தயிர்ச்சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். நாய் எழுந்து நிற்கக்கூட முடியாமல் படுத்தபடியே நக்கித் தின்றது. அவள் கண் கலங்கிவிட்டது. தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

சமையற்கட்டு ஓரத்தில் அதற்கு ஒரு கோணி விரிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் அவள் பின்னாலேயே கிணற்றடிக்குப் போய் வர ஆரம்பித்தது.

“உன் மனசு யாருக்கு வரும் தனம்!” என்றார்கள் தெருப் பெண்கள்.

“அவங்க போட்டுட்டுப் போனதை நான் எடுத்துக்கினேன், அவ்வளவுதான்” என்று அவளும் ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள்.

மூன்றாவது வாரம், வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு நடுவயது அம்மாளும் அவர் தம்பியும் வந்தார்கள்.

“அப்பாண்டை நயினார் பொண்ணை எங்க பையனுக்குப் பேசிக்கினு இருக்கோம். இந்தப் பக்கம் வந்தோம், விசாரிச்சுட்டுப் போகலாம்னு பார்த்தா வீடு பூட்டியிருக்குது. நீங்க பக்கத்து வீடு. உள்ளதைச் சொல்லுங்கம்மா.”

தனலட்சுமி இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாள்.

“பொண்ணு லட்சணமா இருக்கும். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லமாட்டேன். இந்த நாயைக் கேளுங்க, அது சொல்லும்.”

அவர்களுக்குப் புரியவில்லை.

“நாலு வருசம் வளர்த்தாங்க. ஒருநாள் தெருவுல போட்டுட்டுப் போயிட்டாங்க. செத்திருக்கும், நான்தான் காப்பாத்தினேன். அந்தப் பொண்ணு இதைத் தூக்கி வெச்சிக்கினு கொஞ்சினவதான். பஸ் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பாளா? நாளைக்கு நீங்க படுத்துட்டா ஒரு டம்ளர் கஞ்சி ஊத்துவாளா? நீங்களே யோசிச்சுக்கோங்க.”

உள்பக்கம் உட்கார்ந்திருந்த நேமிநாதன் தொண்டையைச் செருமினார். தனலட்சுமி திரும்பி, “என்ன?” என்றாள்.

“தண்ணி வேணும்” என்றார்.

அந்த அம்மாள் நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாதி மோரோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பூட்டு திறந்தது.

அப்பாண்டை வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாக இளைத்திருந்தார். அவர் குரலைக் கேட்டதும் நாய் உள்ளேயிருந்து பாய்ந்து வந்து அவர் மேல் ஏறியது. படியில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“பத்மாவுக்கு வயித்துல கட்டி, தங்கச்சி. ராத்திரியெல்லாம் துடிச்சா. விடிஞ்சதும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம். எப்படியோ பொழைச்சு வந்துட்டா.”

“ஐயோ” என்றாள் தனலட்சுமி. ஆனாலும் விட மனசில்லை.

“அதுக்காக நாயை அப்படியே விட்டுட்டா போவாங்க? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணே?”

அப்பாண்டை விழித்தார்.

“நேமிகிட்ட சொல்லிட்டுத்தானேம்மா பஸ் ஏறினேன்? வயலுக்குப் போய்க்கினு இருந்தான். உங்ககிட்ட விடச் சொன்னதே பத்மாதான். ‘எங்கூடப் பேசாட்டி என்ன, தனம் அதைப் பட்டினி போடமாட்டா’ன்னு அந்த வலியிலயும் சொன்னா.”

தனலட்சுமி உள்ளே பேப்பரோடு உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள்.

“இந்த ரெண்டு மாசத்துல எங்களுக்கு நடந்த நல்லது இது ஒண்ணுதான்” என்று அவர் எழுந்தார். “இந்திராவுக்குப் பேசின சம்பந்தம் தட்டிப்போச்சு. யாரோ எங்களைப் பத்தி என்னமோ சொல்லிட்டாங்களாம். அவங்களுக்கு நான் போட்ட லெட்டருக்கு ஆஸ்பத்திரிக்கே பதில் வந்துச்சு. அதைப் படிச்சதுலேருந்து பொண்ணு வாயே திறக்கிறதில்ல. சொன்னவங்க யாரோ, எவரோ... விடு. நீ நல்லா இருக்கணும் தங்கச்சி.”

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

தனலட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு அவங்க வந்து விசாரிச்சப்போ நீங்க இங்கதானே உக்காந்துக்கினு இருந்தீங்க? ஏங்க சொல்லல?”

“மொதல் நாளே சொல்லல. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?”

“மொதல் நாள் ஏன் சொல்லல?”

நேமிநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“பத்மா பார்த்துக்கச் சொன்னான்னு தெரிஞ்சிருந்தா, நீ அந்த நாயை வீட்டுக்குள்ள விட்டிருப்பியா?”